ஏ50: நோயறிக்கையில் ஓர் எண்

வீடு திரும்பும் நோயாளியிடம் தரப்படும் டிஸ்சார்ஜ் சுருக்கத்தில், நோயின் பெயரை ஒட்டி ஓர் எழுத்தும் சில எண்களும் இருப்பதுண்டு. அவை உலக சுகாதார நிறுவனம் வகுத்த நோய்க் குறியீடுகள். பலர் அவற்றைப் பார்ப்பதே இல்லை. பார்த்தாக வேண்டிய ஓர் இடத்தை இங்கு விளக்குகிறோம்.

பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தியை எண்ணிக்கொள்வோம். கண் சிவந்து, வெளிச்சம் கூசி, பார்வை மங்குகிறது. துவாக்குடியிலிருந்து திருச்சிக்குக் கண் மருத்துவரிடம் அழைத்துச் செல்கின்றனர். இரத்தப் பரிசோதனையில் சிபிலிஸ், அதாவது மேகநோய், எனத் தெரிகிறது. தாளில் வெறுமனே அப்பெயர் மட்டும் இருந்தால், அடுத்துப் படிப்பவர் அக்குழந்தையைப் பற்றி என்ன நினைப்பார்?

கருவிலேயே தாயிடமிருந்து வந்த நோய்க்கு உரியது ஏ50. பின்னர் தொற்றியதற்கு ஏ51, ஏ52. வகை தெளிவாகாததற்கு ஏ53. எது பொருந்தும் என்பதை மருத்துவர் ஆராய்ந்தே முடிவு செய்வார். இரண்டு வயதுக்குப் பின் வெளிப்படுவது பிந்திய பிறவிச் சிபிலிஸ் எனப்படும். அதில் கண் பாதிப்பு ஏ50.3, நரம்பு மண்டலப் பாதிப்பு ஏ50.4. நிலைத்த மேல் முன்பற்களில் பிறை போன்ற வெட்டு, வலியின்றி வீங்கும் முழங்கால் ஆகியவை ஏ50.5-இல் அடங்கும். அறிகுறி ஏதுமின்றி இரத்தத்தில் மட்டும் தெரிந்தால் ஏ50.6.

கருவிழி அழற்சிக்கு ஏ50.3 உடன், நட்சத்திரக் குறியிட்ட எச்19.2 என்பதும் எழுதப்படலாம். இரண்டு நோய்கள் என அஞ்ச வேண்டாம்; முன்னது காரணம், பின்னது அது வெளிப்பட்ட இடம்.

பென்சிலின் கிருமியை அழிக்கும். ஆனால் பல்லில் விழுந்த வெட்டையோ இழந்த செவித்திறனையோ அது மீட்காது. கருவிழி அழற்சிக்குக் கண் மருத்துவர் தரும் ஸ்டீராய்டு சொட்டு மருந்தும் தேவைப்படும். அதைத் தாமாக நிறுத்தலாகாது. சிகிச்சை முடிந்த பின்னரும் சில இரத்தப் பரிசோதனைகள் ஆண்டுக்கணக்கில் நேர்மறையாகவே வரக்கூடும். ஆகவே பழைய சுருக்கத்தைப் பத்திரப்படுத்துங்கள்.

குறியீடு ஏ53 என்றோ வெறும் 'சிபிலிஸ்' என்றோ இருந்தால், 'இது பிறவியில் வந்ததா?' என மருத்துவரிடம் தனியே கேளுங்கள். பிழையெனில் திருத்தித் தரக் கோரலாம்.

தாயும் தந்தையும் உடன்பிறந்தோரும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். தாய்க்கு எந்தத் தொல்லையும் இல்லாமலே இந்நோய் இருந்திருக்கலாம். அவரைக் குற்றம் சொல்ல இதில் ஏதுமில்லை. அவர் மீண்டும் கருவுற்றால் முதல் மாதங்களிலேயே பரிசோதனை அவசியம். தேவைப்படின் பேறுகாலத்துக்கு நான்கு வாரங்களுக்கு முன்பாவது பென்சிலின் தொடங்கிவிட வேண்டும்.