தொலைவும் தனிமையும்: இணையவழி உளநல ஆலோசனை

ஒரு நாட்டின் வளர்ச்சியை உற்பத்தி, வருமானம், எழுத்தறிவு, சராசரி ஆயுள் ஆகிய அளவுகோல்களால் அளப்பது வழக்கம். கணவன் மனைவியரிடையே நிலவும் இணக்கம், குடும்ப அமைதி, தனி மனிதனின் உள்ளத் தெளிவு ஆகியவை இக்கணக்குகளில் நேரடியாக இடம்பெறுவதில்லை. எனினும் இவை குலையும்போது, வேலைநாள் இழப்பாகவும், குடிப்பழக்கமாகவும், பிள்ளைகளின் கல்வித் தடையாகவும் அதே கணக்குகளில் வந்து சேருகின்றன. ஆதலின் உளநல ஆலோசனை வசதியுடையோர்க்கு மட்டும் உரியதன்று. அது வளர்ச்சியின் ஓர் அங்கமாகும்.

பெங்களூரிலுள்ள ஆஸ்டின் டவுனை எடுத்துக்கொள்வோம். நீலசந்திரா, விவேக் நகர் ஆகியவற்றை அடுத்து அமைந்த, தமிழர் பலர் வாழும் நெருக்கமான பகுதி இது. இங்கிருந்து சில கிலோமீட்டர் தொலைவில், ஓசூர் சாலையில், நாட்டின் தலையாய மனநல நிறுவனமாகிய நிம்ஹான்ஸ் உள்ளது. ஆயினும், மணவாழ்வில் கசப்புற்ற ஒருவர் அதன் வாயிலை மிதிக்க எளிதில் துணிவதில்லை. பேருந்துக் கட்டணம் இதற்குக் காரணமன்று. ஒரு நாள் கூலியை இழக்கவேண்டும். வீட்டாருக்கு விடை கூறவேண்டும். "பைத்தியத்துக்கு வைத்தியம்" என்னும் ஊர்ப்பேச்சுக்கு அஞ்சவேண்டும். மருத்துவமனை அருகிலிருந்தும், சேவை தொலைவிலேயே நின்றுவிடுகிறது.

தேவையும் வழங்கலும்

நிம்ஹான்ஸ் 2015-16 ஆம் ஆண்டுகளில் 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வின்படி, வயதுவந்தோரில் 10.6 விழுக்காட்டினர் ஆய்வின்போது ஏதேனும் ஒரு மனநலக் குறைபாட்டுடன் இருந்தனர். குறைபாட்டின் வகைக்கேற்ப, 70 முதல் 92 விழுக்காட்டினர் வரை உரிய சிகிச்சை பெறவில்லை. ஒரு லட்சம் மக்களுக்கு 0.75 மனநல மருத்துவர் என்பதே நம் நாட்டின் நிலையாகக் கணிக்கப்பட்டுள்ளது. நோய் என்று பெயரிட இயலாத உறவுச் சிக்கல்களும் மனத்துயரங்களும் இக்கணக்கில் சேரா.

இவ்விடைவெளியை நிரப்பும் முயற்சி புதியதன்று. 1982-இல் தேசிய மனநலத் திட்டம் தோன்றியது. பல்லாரி மாவட்டத்தில் நிம்ஹான்ஸ் ஆற்றிய முன்னோடிப் பணியை அடியொற்றி, 1996-இல் மாவட்ட மனநலத் திட்டம் உருவாயிற்று. 2010-இல் சென்னை ஸ்கார்ஃப் நிறுவனம் பேருந்து ஒன்றில் காணொளிக் கருவிகளைப் பொருத்தி, புதுக்கோட்டை மாவட்டச் சிற்றூர் மக்களைச் சென்னை மருத்துவருடன் பேசவைத்தது. கோவிட் பரவிய 2020-இல் தொலைமருத்துவத்துக்கான வழிகாட்டு நெறிகள் வெளியிடப்பட்டன.

இவற்றின் தொடர்ச்சியாக, 2022 அக்டோபர் 10 அன்று மத்திய அரசு 'டெலி மானஸ்' சேவையைத் தொடங்கியது. இதன் தலைமை மையம் நிம்ஹான்ஸ். தொழில்நுட்ப உதவி பெங்களூரின் சர்வதேசத் தகவல் தொழில்நுட்பக் கழகத்தினுடையது. 14416 என்ற கட்டணமில்லா எண்ணில், தமிழ் உள்ளிட்ட 20 மொழிகளில், இரவு பகலாக இச்சேவை கிடைக்கிறது. முதலில் பயிற்சி பெற்ற ஆலோசகர் பேசுவார். தேவையெனில் மனநல வல்லுநரிடம் அனுப்புவார். 2024 டிசம்பருக்குள் 15 லட்சத்துக்கும் மேற்பட்ட அழைப்புகள் ஏற்கப்பட்டன. மொழி ஒரு பெருந்தடையாக விளங்கும் துறை இது. கன்னட நாட்டில் வாழும் தமிழர் ஒருவர் தம் மனக்குறையைத் தாய்மொழியிலேயே சொல்ல இயலுவது சிறிய நன்மையன்று.

ஆலோசனை நடைபெறும் முறை

உதவி எண்ணை ஒருமுறை அழைப்பதும், ஓர் ஆலோசகருடன் வாரந்தோறும் தொடர்ந்து பணியாற்றுவதும் வெவ்வேறு. முன்னது முதலுதவி போன்றது. பின்னது ஏறத்தாழ ஒவ்வொரு முறையும் முக்கால் மணி நேரம் நிகழும் தொடர்முயற்சி. முதல் அமர்வில் ஆலோசகர் தம் தகுதியைக் கூறி, வருபவரின் ஒப்புதலைப் பெறுவார். அவர் எங்கிருந்து பேசுகிறார், நெருக்கடியில் யாரை அழைக்கலாம் என்றும் கேட்பார். இது வீண் விசாரணையன்று. நேரில் இல்லாத ஒருவர் உதவிக்கு ஆளனுப்ப இத்தகவல் இன்றியமையாதது.

ஆலோசகர் தீர்ப்பு வழங்கும் நடுவரல்லர். மாமியார் செய்தது சரியா, மருமகள் செய்தது சரியா என்று அவர் சொல்லமாட்டார். சினம் எழும் தருணத்தில் நிகழ்ந்தது என்ன, அப்போது தோன்றிய எண்ணம் என்ன, அதன்பின் செய்தது என்ன என்று பிரித்துப் பார்க்கப் பழக்குவார். இதனை ஒரு குறிப்பேட்டில் எழுதிவரச் சொல்வதும் உண்டு. அமர்வுகளுக்கு இடைப்பட்ட நாட்களில் செய்யும் இப்பயிற்சியே பயனின் பெரும்பகுதியைத் தருகிறது.

திரையில் எல்லாம் தெரிவதில்லை. நடுங்கும் கையையும் கலங்கும் கண்ணையும் ஆலோசகர் காணாதிருக்கலாம். ஆகவே, "இதைச் சொல்லும்போது எனக்கு மூச்சடைக்கிறது" என்று வாய்விட்டுக் கூறுதல் நலம். தொடர்பு அறுந்தால் யார் மீண்டும் அழைப்பது, கணவனும் மனைவியும் சேர்ந்து வரும்போது ஒருவர் தனித்துச் சொன்னதை மற்றவரிடம் வெளியிடலாமா என்பவற்றையும் தொடக்கத்திலேயே முடிவு செய்தல் வேண்டும். சில வாரங்களுக்குப் பின் பயன் தெரியவில்லையெனில், அதனை ஆலோசகரிடமே சொல்லலாம். அவரை மாற்றிக்கொள்வதிலும் தவறில்லை.

யாரை நம்புவது?

பொருளியலில் தகவல் சமமின்மை என்றொரு கருத்துண்டு. விற்பவர் அறிந்ததை வாங்குபவர் அறியாத சந்தை அது. இணையவழி ஆலோசனை இத்தகைய சந்தையே. மனநல மருத்துவர் மருத்துவக் கவுன்சிலில் பதிவு பெற்றவர்; மருந்து எழுதும் உரிமை அவருக்கு உண்டு. மருத்துவ உளவியலாளர் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு பெற்றிருத்தல் வேண்டும். 'ஆலோசகர்' என்னும் பெயரையோ பலரும் எளிதில் சூட்டிக்கொள்கின்றனர். எனவே பட்டம், பதிவெண், கட்டணம், உரையாடல் பதிவு செய்யப்படுமா என்பனவற்றை முன்னரே கேட்டறிதல் வாங்குபவரின் உரிமை. கணினியே விடையளிக்கும் உரையாடல் செயலிகள், பொறுப்பேற்கும் வல்லுநருக்கு ஈடாகா.

தொலைவழி ஆலோசனைக்கு எல்லைகளும் உள. வீட்டில் அடி உதை நிகழுமாயின், தம்பதியரைச் சேர்த்துவைத்துப் பேசுவதற்கு முன் பாதிக்கப்பட்டவரின் பாதுகாப்பே முதற்கடமை. பெண்களுக்கென 181 என்ற எண் உள்ளது. தற்கொலை எண்ணம் வலுத்த நிலையில் அடுத்த அமர்வுக்குக் காத்திராமல் 14416-ஐயும், உயிருக்கு உடனடி ஆபத்து எனில் 112-ஐயும் அழைத்தல் வேண்டும். நிஜமல்லாத குரல்கள் கேட்பது போன்ற கடும் நோய்க்குறிகளுக்கு நேரடி மருத்துவம் தேவை.

கதவு இல்லாத வீடு

ஆஸ்டின் டவுனில் ஓர் அறையும் சமையற்கட்டும் கொண்ட வீட்டில் வாழும் தையல் தொழிலாளி ஒருவரைக் கற்பனை செய்வோம். இச்சேவை அவருடைய பயணத்தையும் காத்திருப்பையும் கூலி இழப்பையும் நீக்கிவிட்டது. ஆனால் கணவரைப் பற்றிப் பேச அவர் எங்கே அமர்வார்? மாமியார் அடுப்படியில்; பிள்ளைகள் கட்டிலில்; சுவருக்கப்பால் அண்டை வீட்டார். செல்பேசி குடும்பத்துக்கே பொதுவாயின், அழைத்த எண்ணும் மறைவதில்லை. மருத்துவமனைக்குச் சென்றிருந்தால் அங்கே மூடிய அறை ஒன்று கிடைத்திருக்கும். தொழில்நுட்பம் தொலைவைக் குறைத்தது. தனிமையை அது தரவில்லை. வசதியுடையோர் அத்தனிமையைத் தம் வீட்டிலேயே பெற்றிருக்கின்றனர். ஏழைக்கு அது கிட்டாப் பொருள். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளிக்கு இரகசியக் காப்புரிமையை வழங்கியுள்ளது. ஆனால் மெல்லிய சுவரைச் சட்டம் தடிப்பாக்க இயலாது.

இதற்குப் பெருஞ்செலவு பிடிக்கும் புதுத் திட்டம் தேவையில்லை. வார்டுகளில் உள்ள 'நம்ம கிளினிக்' போன்ற சிறு மருத்துவ நிலையங்களிலும், நூலகங்களிலும், தொழிற்சாலை ஓய்விடங்களிலும் ஓர் அறை, ஒரு நாற்காலி, ஒரு தொலைபேசி, உட்புறம் தாழிடும் ஒரு கதவு ஆகியவற்றை மாலை நேரத்தில் ஒதுக்கினாற் போதும். இரத்த அழுத்தம் பார்க்க வருபவரும் ஆலோசனைக்கு வருபவரும் ஒரே வாயிலில் நுழைவதால் ஊர்ப்பேச்சுக்கும் இடமிராது.

சேவையின் வெற்றியை ஏற்ற அழைப்புகளின் எண்ணிக்கையால் மட்டும் அளத்தல் பொருந்தாது. முதல் அழைப்புக்குப் பின் இரண்டாம் முறையும் பேச இடம் கிடைத்தவர் எத்தனை பேர் என்பதையும் அளத்தல் வேண்டும். அவ்விடத்தை அமைத்துத் தருவது உள்ளாட்சி அமைப்புகள், தொழில் நிறுவனங்கள், தன்னார்வத் தொண்டர் ஆகிய அனைவரின் கூட்டுப் பொறுப்பாகும்.