ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும்: நோயாளியும் வீட்டாரும் தெரிந்துகொள்ள வேண்டியவை

தோவாளை தாலுகாவின் தலைமையிடமான பூதப்பாண்டியில் காய்ச்சல், சர்க்கரை, சின்னக் காயம் என்றால் உள்ளூர் அரசு மருத்துவமனையே போதும். பெரிய ஆபரேஷன் என்றால் பெரும்பாலும் ஆசாரிபள்ளத்தில் உள்ள கன்னியாகுமரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குத்தான் போகிறோம். மாவட்டம் முழுவதிலிருந்தும் ஆட்கள் வரும் இடம் அது. இப்படிக் கூட்டமும் அவசரமும் உள்ள இடத்தில் தவறு நடக்காமல் காப்பது டாக்டரின் கைத்திறன் மட்டும் இல்லை. ஒரே தாளில் அடங்கும் ஒரு பட்டியலும் காக்கிறது.

19 அம்சங்கள், மூன்று நிறுத்தங்கள்

உலக சுகாதார நிறுவனம் 2008-ல் அறுவை சிகிச்சைப் பாதுகாப்புப் பட்டியலை வெளியிட்டது. இதை உருவாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கியவர் இந்திய வம்சாவளி மருத்துவர் அதுல் கவாண்டே. புது டெல்லி உட்பட 8 நகரங்களின் மருத்துவமனைகளில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். பெரிய சிக்கல்கள் 100 பேருக்கு 11 என்பதிலிருந்து 7 ஆகக் குறைந்தன. இறப்பு 1,000 பேருக்கு 15 என்பதிலிருந்து 8 ஆனது. புது மருந்து இல்லை, புது மெஷினும் இல்லை. நின்று, கேட்டு, சரிபார்த்ததுதான் பெரிய மாற்றம்.

முதல் நிறுத்தம், மயக்க மருந்து கொடுக்கும் முன்: ஆள் யார், எந்த ஆபரேஷன், எந்தப் பக்கம், மருந்து ஒவ்வாமை உண்டா?

இரண்டாவது, கத்தி வைக்கும் முன்: குழுவில் உள்ள எல்லாரும் ஒரு நிமிஷம் நின்று ஆளையும் இடத்தையும் மறுபடி உறுதி செய்வார்கள். கிருமித்தொற்றைத் தடுக்கும் மருந்து கடந்த ஒரு மணி நேரத்துக்குள் போட்டாச்சா என்றும் பார்ப்பார்கள்.

மூன்றாவது, நோயாளி தியேட்டரை விட்டு வெளியே வரும் முன்: பஞ்சு, ஊசி, கருவிகள் எண்ணிக்கை சரியா?

அதனால் நர்ஸ் வந்து பேரையும் எந்தக் கால் என்பதையும் மூணாவது தடவை கேட்டால் எரிச்சல் படாதீர்கள். அது மறதி இல்லை, பாதுகாப்பு.

நம் பங்கு என்ன?

“நமக்கு என்னத்தத் தெரியும், டாக்டரே பாத்துக்கிடுவாரு” என்று சும்மா இருக்க வேண்டாம். டாக்டருக்குத் தெரியாத சில விஷயங்கள் நம்மிடம்தான் இருக்கின்றன.

• மாத்திரை: ‘மக்களைத் தேடி மருத்துவம்’ மூலம் வீட்டுக்கே வரும் பிரஷர், சர்க்கரை மாத்திரைகள், ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரை, நாட்டு மருந்து என எல்லாவற்றையும் சொல்லுங்கள். மாத்திரை அட்டையைப் போனில் போட்டோ எடுத்து வைத்தால் காட்டுவது சுலபம். எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

• ஒவ்வாமை: முன்பு ஏதாவது ஊசி போட்டுத் தடிப்போ மூச்சுத்திணறலோ வந்திருந்தால் கேட்கும் முன்பே சொல்லுங்கள்.

• வெறும் வயிறு: சொன்ன நேரத்துக்குப் பிறகு “ஒரு வாய் சாயா” கூட வேண்டாம். மயக்கத்தில் வாந்தி வந்து நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. தெரியாமல் சாப்பிட்டிருந்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். ஆபரேஷன் தள்ளிப்போனால் பரவாயில்லை.

கையெழுத்துக்கு முன்

சம்மதப் படிவம் வெறும் சடங்கு இல்லை. என்ன ஆபரேஷன், ஏன், என்ன ஆபத்து, வேறு வழி உண்டா என்ற நாலு கேள்விக்கும் தமிழில் பதில் கேட்டு, பிறகு கையெழுத்துப் போடுங்கள். பரிசோதனைக்குக் கொடுத்த சம்மதம் சிகிச்சைக்கும் சேர்த்துக் கொடுத்த சம்மதம் ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2008-ல் தீர்ப்பளித்துள்ளது. உடனே செய்யாவிட்டால் உயிர் போகும் நிலைக்கு மட்டும் விதிவிலக்கு.

வார்டுக்கு வந்த பிறகு

2022 நவம்பரில் சென்னையில் முழங்கால் சவ்வு ஆபரேஷன் செய்துகொண்ட இளம் கால்பந்து வீராங்கனை ஒருவர் உயிரிழந்தார். இறுக்கமாகப் போட்ட கட்டால் காலுக்கு ரத்த ஓட்டம் நின்றதே காரணமாகச் சொல்லப்பட்டது. ஆபரேஷன் முடிந்ததோடு ஆபத்து முடிவதில்லை என்பதை அந்த இழப்பு காட்டியது.

கட்டுப் போட்ட கை, காலில் தாங்க முடியாத வலி, மரத்துப்போதல், விரல் சில்லிடுதல், நீலம் பாய்தல் இதில் எது தெரிந்தாலும் நடு ராத்திரி ஆனாலும் சிஸ்டரைக் கூப்பிடுங்கள். “இப்பத்தானே பார்த்தோம்” என்றாலும் “ஒரு தடவை பாருங்க சிஸ்டர், விரல் குளிருது” என்று தெளிவாகச் சொல்லுங்கள். பல நோயாளிகளை ஒரே நேரத்தில் கவனிக்கும் நர்ஸுக்கு, பக்கத்தில் இருக்கும் உறவினர்தான் இன்னொரு கண்.

வீட்டுக்கு வந்த பின் காய்ச்சல், தையலில் சீழ், நிற்காத ரத்தம் இருந்தால் அடுத்த செக்கப் தேதி வரை காத்திருக்க வேண்டாம். ஆலோசனைக்கு 104, அவசரத்துக்கு 108. டிஸ்சார்ஜ் தாளைப் போட்டோ எடுத்து வீட்டில் இன்னொருவருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பி வையுங்கள். ராத்திரியில் பூதப்பாண்டி மருத்துவமனைக்கு ஓட நேர்ந்தால், அங்குள்ள டாக்டர் முதலில் கேட்கப்போவது அந்தத் தாளைத்தான்.