டிரங்குப் பெட்டியில் வெள்ளி ரூபாய்

பலமனேர் மூன்று மாநிலங்கள் நெருங்கி நிற்கும் ஊர். கிழக்கே சித்தூர். மேற்கே சாலையில் போனால் கர்நாடகத்தின் முல்பாகல். தெற்கே மலையைத் தாண்டினால் தமிழ்நாட்டின் பேரணாம்பட்டு. சந்தையில் தெலுங்கு, தமிழ், கன்னடம் மூன்றும் காதில் விழும்.

இந்த வழியாகப் பல அரசர்களின் படைகள் போயின. வியாபாரிகளின் வண்டிகளும் போயின. ஹைதர் அலி 1782 டிசம்பரில் சித்தூர் அருகேதான் இறந்தார். அவர் மகன் திப்பு சுல்தான் காலத்துச் செப்புக்காசில் யானை உருவம் இருக்கும். பின்னர் வெள்ளைக்காரர் ஆட்சி வந்தது. ராணி தலை, ராஜா தலை போட்ட வெள்ளி ரூபாய்கள் வந்தன.

அதனால் இந்தப் பக்கத்தில் சில வீடுகளில் இன்றும் பழைய காசு உண்டு. டிரங்குப் பெட்டியில் இருக்கும். சாமி அறையில் மஞ்சள் துணியில் முடிந்திருக்கும். தாலிக்கயிற்றில்கூடக் கோத்திருக்கும்.

இந்தக் காசுகளை இப்போது செல்பேசி வழியாக முகம் தெரியாதவர்களுக்கு விற்கிறார்கள். நல்ல விலைக்கு விற்றவர்கள் உண்டு. இருந்த பணத்தையும் இழந்தவர்கள் உண்டு. பாதுகாப்பாக விற்பது எப்படி? தெரிந்து கொள்வோம்.

ஆசை காட்டும் படம்

ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்ப்போம். ஓர் அம்மா இரண்டு கறவை மாடு வைத்திருக்கிறார். மகள் நர்சிங் படிக்கப் போக வேண்டும். கட்டணம் கட்டப் பணம் போதவில்லை. மாமியார் வைத்துவிட்டுப் போன ஒன்பது பழைய ரூபாய்கள் பெட்டியில் இருந்தன.

செல்பேசியில் ஒரு படம் ஓடியது. “இந்தக் காசு உங்களிடம் இருக்கிறதா? 5 லட்சம் ரூபாய் தருகிறோம்” என்றது. கீழே ஒரு எண் இருந்தது. அம்மா காசுகளைப் படம் எடுத்து அந்த எண்ணுக்கு அனுப்பினார்.

பத்து நிமிடத்தில் ஒருவன் பேசினான். மிகவும் மரியாதையாகப் பேசினான். “ஒன்பது காசுக்கும் சேர்த்து 18 லட்சம். உங்கள் பெயரைப் பதிவு செய்ய 1,850 ரூபாய் மட்டும் கட்டுங்கள்” என்றான். ரிசர்வ் வங்கி முத்திரை போட்ட கடிதம் ஒன்றையும் அனுப்பினான். அம்மா பால் பணத்திலிருந்து 1,850 ரூபாயைக் கட்டினார்.

மறுநாள் மீண்டும் பேசினான். “பணம் வண்டியில் ஏறிவிட்டது. வரி 9,400 ரூபாய் கட்டினால் மாலையில் வீட்டுக்கு வரும்” என்றான்.

அம்மா கம்மலைக் கழற்றி அடகு வைக்கக் கிளம்பினார். அப்போது அவருடைய அண்ணன் மகள் வந்தாள்.

“அத்தை, கம்மலைக் கையில வெச்சிக்கிட்டு எங்க போறீங்க?”

அம்மா நடந்ததைச் சொன்னார்.

“வாங்குறவங்கதானே அத்தை பணம் தரணும்? விக்கிற நீங்க ஏன் கட்டறீங்க?”

“வரின்னு சொல்றாங்க கண்ணு. கவர்மெண்ட் கடுதாசி கூட இருக்குது.”

“சந்தையில மாடு வித்தா, வாங்குறவன் உங்ககிட்ட முதல்ல பணம் கேப்பானா?”

அம்மா திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். “கேக்க மாட்டான்” என்றார் மெதுவாக.

இருவரும் உடனே 1930 என்ற எண்ணுக்குப் பேசிப் புகார் கொடுத்தார்கள். போன பணம் திரும்புமா என்று அன்று தெரியவில்லை. ஆனால் கம்மல் காதுக்குத் திரும்பியது. காசுகள் பெட்டியிலேயே இருந்தன.

இது கதையில் மட்டும் நடப்பதல்ல. 2021இல் பெங்களூரில் ஒரு பெண் 1947ஆம் ஆண்டு நாணயத்தை விற்க இணையத்தில் படம் போட்டார். 10 லட்சம் கேட்டார். ஒருவன் 1 கோடி தருவதாகச் சொன்னான். வரி என்று சொல்லி அவரிடமிருந்து சுமார் 1 லட்சம் ரூபாயைப் பறித்தான். கேட்டதற்கு மேல் ஒருவன் தருகிறேன் என்றால், அங்கேயே நாம் நின்று யோசிக்க வேண்டும்.

ரிசர்வ் வங்கி சொன்னது

2021 ஆகஸ்ட் 4ஆம் தேதி ரிசர்வ் வங்கி ஓர் அறிவிப்பு வெளியிட்டது. அதன் பொருள் இதுதான்: பழைய நோட்டு, காசு வாங்கி விற்கும் வேலையை ரிசர்வ் வங்கி செய்வதில்லை. அதற்காகக் கட்டணமோ கமிஷனோ கேட்பதில்லை. தன் பெயரில் கேட்க யாருக்கும் அனுமதி கொடுக்கவும் இல்லை.

ஆகவே ரிசர்வ் வங்கி பெயரில் யார் பணம் கேட்டாலும் அவர் ஏமாற்றுக்காரர். கடிதம், முத்திரை, அடையாள அட்டை எல்லாவற்றையும் போலியாகச் செய்ய முடியும்.

முதல் படி: காசை அறிந்து கொள்ளுங்கள்

பழைய காசு எல்லாம் அரிய காசு அல்ல. இதை முதலில் மனத்தில் வைக்க வேண்டும்.

விக்டோரியா ராணி தலை போட்ட ரூபாயில் 1862 என்று இருக்கும். பார்க்க மிகப் பழையது. ஆனால் 1874 வரை அதே 1862ஆம் ஆண்டைப் போட்டே கோடிக்கணக்கில் அடித்தார்கள். அதனால் அது நிறையக் கிடைக்கிறது.

1911இல் ஐந்தாம் ஜார்ஜ் ராஜா தலையுடன் ஒரு ரூபாய் வந்தது. ராஜாவின் அங்கியில் சிறிய யானை உருவம் உண்டு. அது பன்றி போலத் தெரிகிறது என்று மக்கள் வருத்தப்பட்டார்கள். அரசு அந்தக் காசை நிறுத்தியது. பெரும்பகுதியை உருக்கிவிட்டது. 1912இல் யானையைத் திருத்தி அடித்தது. அதனால் 1911ஆம் ஆண்டு ரூபாய்க்கு மதிப்பு கூடுதல். எத்தனை மீதி இருக்கிறது, எவ்வளவு தேயாமல் இருக்கிறது என்பதே விலையைத் தீர்மானிக்கிறது.

வெள்ளைக்காரர் காலத்து ரூபாயின் எடை 11.66 கிராம். ஒரு தோலா என்பதும் இதே எடைதான். 1939 வரையுள்ள ரூபாயில் 1,000 பங்கில் 917 பங்கு வெள்ளி. 1940 முதல் 1945 வரையுள்ள ரூபாயில் பாதிதான் வெள்ளி. 1947ஆம் ஆண்டு ரூபாயில் வெள்ளியே இல்லை. அது நிக்கல். அதில் புலி உருவம் இருக்கும். காந்தத்தில் ஒட்டும்.

வெள்ளி காந்தத்தில் ஒட்டாது. ஆனால் ஒட்டாதது எல்லாம் வெள்ளி ஆகிவிடாது. எடையையும் பார்க்க வேண்டும்.

அத்தையும் மருமகளும் காந்தம் வைத்துப் பார்த்தார்கள். எட்டு ஒட்டவில்லை. ஒன்று ஒட்டியது. அது புலி ரூபாய்.

ஒரு முக்கியமான செய்தி. காசைப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். சாம்பல், பற்பொடி எதுவும் வேண்டாம். தேய்த்தால் பளபளக்கும். ஆனால் காசு சேர்ப்பவர்களிடம் அதன் மதிப்பு குறைந்துவிடும்.

இரண்டாம் படி: விலையைக் கணக்கிடுங்கள்

1939க்கு முந்திய ஒரு ரூபாயில் சுமார் 10.69 கிராம் வெள்ளி உண்டு. தேய்ந்த காசில் சற்றுக் குறையும். அன்றைய வெள்ளி விலையால் இதைப் பெருக்குங்கள்.

கணக்குப் பழக, ஒரு கிராம் 100 ரூபாய் என்று வைத்துக் கொள்வோம்.

ஒரு காசு: 10.69 × 100 = 1,069 ரூபாய்.
எட்டுக் காசு: 1,069 × 8 = 8,552 ரூபாய்.

வெள்ளி விலை நாளுக்கு நாள் மாறும். விற்கும் நாளின் விலையைக் கேட்டுக் கணக்கிட வேண்டும். இதுதான் அடிப்படை விலை. அரிய காசானால் இதற்கு மேல் கிடைக்கும். குறைந்தது இரண்டு மூன்று பேரிடம் விலை கேளுங்கள். சென்னையிலும் பெங்களூரிலும் நாணயக் கண்காட்சிகள் நடக்கும். அங்கே வியாபாரிகளும் காசு சேர்ப்பவர்களும் கூடுவார்கள். நேரில் காட்டி விலை அறியலாம். சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் பழங்காசுகளைப் பார்க்கலாம்.

மூன்றாம் படி: படம் போடும்போது

காசின் இரண்டு பக்கத்தையும் தெளிவாகப் படம் எடுங்கள். பக்கத்தில் அன்றைய தேதி எழுதிய சிறு தாளை வையுங்கள். அப்போது பிறர் அந்தப் படத்தைத் தமது என்று காட்டி ஏமாற்றுவது கடினம்.

வீட்டு முகவரி போடாதீர்கள். ஆதார் அட்டை, வங்கிப் புத்தகம் ஆகியவற்றின் படத்தை அனுப்பாதீர்கள். எத்தனை காசு வீட்டில் இருக்கிறது என்றும் சொல்லாதீர்கள். கேட்பவன் வாங்குபவன்தான் என்று எப்படித் தெரியும்?

நான்காம் படி: பணம் வாங்கும்போது

செல்பேசியில் பணம் அனுப்பத்தான் பின் எண் வேண்டும். பணம் பெறப் பின் எண் வேண்டாம். கியூ.ஆர். கட்டத்தைப் படம் பிடிக்கவும் வேண்டாம். “பின் எண் போடுங்கள், பணம் வரும்” என்று ஒருவன் சொன்னால், பணம் போகப் போகிறது என்று பொருள்.

ஓ.டி.பி. எண்ணை யாருக்கும் சொல்லாதீர்கள். அவர்கள் அனுப்பும் புதிய செயலியைச் செல்பேசியில் ஏற்றாதீர்கள்.

“பணம் போட்டுவிட்டேன்” என்று படம் அனுப்புவார்கள். அது போலியாக இருக்கலாம். குறுஞ்செய்தியும் போலியாக வரலாம். உங்கள் கணக்கில் மீதித் தொகையைப் பாருங்கள். சந்தேகம் வந்தால் வங்கிக்குப் போய்ப் புத்தகத்தில் பதிவு போடுங்கள். காசோலை கொடுத்தால், பணம் கணக்கில் ஏறும் வரை காத்திருங்கள்.

ஐந்தாம் படி: காசைக் கொடுக்கும்போது

நேரில் கொடுப்பது நல்லது. தனி இடத்துக்குப் போகாதீர்கள். வீட்டுக்கும் அழைக்காதீர்கள். வங்கிக் கிளையில் பகல் நேரத்தில் சந்தியுங்கள். துணைக்கு ஒருவரை அழைத்துச் செல்லுங்கள். பணம் கணக்கில் ஏறிய பிறகு காசைக் கொடுங்கள். இருவரும் கையெழுத்துப் போட்ட ரசீது எழுதுங்கள். அதில் காசின் ஆண்டு, எண்ணிக்கை, விலை, தேதி இருக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரிந்தவருக்கு இது பெரிய பலம்.

அஞ்சலில் அனுப்புவதானால் முதலில் பணம், பிறகு காசு. காப்பீடு செய்து அனுப்ப அஞ்சலகத்தில் கேளுங்கள். உறையில் வைப்பதைப் படம் எடுங்கள். ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

அந்த அம்மா இப்படித்தான் செய்தார். மூன்று பேரிடம் விலை கேட்டார். ஏழு வெள்ளி ரூபாயை வங்கியில் வைத்து விற்றார். வெள்ளி விலைக்கு மேல் கொஞ்சம் கிடைத்தது. லட்சம் கிடைக்கவில்லை. கட்டணத்தில் ஒரு பகுதிக்கு ஆயிற்று. எட்டாவது வெள்ளி ரூபாயை மாமியார் நினைவாக வைத்துக் கொண்டார்.

சட்டம் என்ன சொல்கிறது?

வீட்டில் வழிவழியாக இருக்கும் காசு வேறு. மண்ணில் கிடைத்த காசு வேறு. நிலம் உழும்போதோ கிணறு தோண்டும்போதோ புதையல் கிடைத்தால் மாவட்டக் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். இது 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம். மறைத்து விற்பது குற்றம்.

100 ஆண்டுக்கு மேற்பட்ட காசு தொல்பொருள் ஆகலாம். 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி, தொல்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. வெளிநாட்டிலிருந்து ஒருவர் கேட்டாலும் அனுப்பாதீர்கள்.

இவற்றை நம்பாதீர்கள்

ராமர், அனுமார் உருவத்துடன் 1818 என்று போட்ட “கம்பெனிக் காசு” விலை போகும் என்பார்கள். கிழக்கிந்தியக் கம்பெனி அப்படிக் காசு அடிக்கவில்லை. அரிசியை இழுக்கும் செம்புக்காசு, இரிடியம் சொம்பு என்பார்கள். அதுவும் மோசடி. வைஷ்ணவி தேவி உருவம் போட்ட 5 ரூபாய், 10 ரூபாய்க் காசுக்கு லட்சம் தருவதாகச் சொல்வார்கள். அவை அரசு வெளியிட்ட காசுகள்தான். ஆனால் அதற்கு யாரும் லட்சம் தருவதில்லை.

பணம் போய்விட்டால்

வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். உடனே 1930க்குப் பேசுங்கள். எவ்வளவு விரைவாகச் சொல்கிறோமோ, பணத்தை வழியில் நிறுத்த அவ்வளவு வாய்ப்பு உண்டு. உங்கள் வங்கிக்கும் சொல்லுங்கள். அவன் பேசிய எண், அனுப்பிய செய்தி, பணம் கட்டிய விவரம் எதையும் அழிக்காதீர்கள். அவைதான் சாட்சி. காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம்.

நினைவில் வைப்போம்

விற்பவர் பணம் கட்டுவதில்லை.
பணம் பெறப் பின் எண் வேண்டாம்.
முதலில் பணம், பிறகு காசு.
ஏமாந்தால் உடனே 1930.

பேசிப் பாருங்கள்

1. உங்கள் வீட்டில் பழைய காசு இருக்கிறதா? அதில் உள்ள ஆண்டைப் படித்து எழுதுங்கள்.
2. ஒரு கிராம் வெள்ளி 120 ரூபாய் என்றால், 1912ஆம் ஆண்டு ரூபாய் மூன்றின் அடிப்படை விலை என்ன?
3. அந்த அம்மா முதலில் 1,850 ரூபாய் கட்டியது ஏன்? எந்தச் சொல்லைக் கேட்டபோது அவர் நின்றிருக்க வேண்டும்?
4. “நாணயம்” என்ற சொல்லுக்குக் காசு என்றும் பொருள், நேர்மை என்றும் பொருள். இரண்டு பொருளிலும் ஒவ்வொரு வாக்கியம் எழுதுங்கள்.