மூன்று அமைப்புகள் இருந்தால் போதுமா?

அன்புள்ள கயல்விழிக்கு,

உன் கடிதத்தில் ஒரு கேள்வி என் மனத்தை விட்டு அகலவில்லை. ஏ320 விமானத்தில் விமானத்தின் அசையும் பாகங்களைத் திரவ அழுத்தத்தால் இயக்கும் பச்சை, நீலம், மஞ்சள் என மூன்று ஹைட்ராலிக் அமைப்புகள் இருக்கின்றனவே, ஒன்றில் திரவம் ஒழுகிப்போனால் மற்றொன்றிலிருந்து கொஞ்சம் எடுத்துக்கொள்ளலாமே என்று கேட்டிருந்தாய். கூடவே கூடாது. ஓட்டை விழுந்த குழாய்க்குள் நல்ல அமைப்பின் திரவத்தைத் திறந்துவிட்டால் அதுவும் அதே ஓட்டை வழியாக வெளியேறிவிடும். ஒன்று போன இடத்தில் இரண்டு போகும்.

சதுர அங்குலத்துக்கு 3,000 பவுண்டு அழுத்தத்தில் ஓடும் அந்த ஊதா நிறத் திரவத்துக்கு ஒவ்வொரு அமைப்பிலும் தனித் தொட்டி, தனிப் பம்பு, தனிக் குழாய்.

பச்சைக்கும் மஞ்சளுக்கும் இடையில் பவர் டிரான்ஸ்பர் யூனிட் என்ற அருமையான கருவி ஒன்று உண்டு. இரு பக்கமும் ஒவ்வொரு ஹைட்ராலிக் இயந்திரம், நடுவே அவற்றை இணைக்கும் ஒரு தண்டு. இரண்டுக்கும் அழுத்த வேறுபாடு 500 பவுண்டைத் தாண்டினால் வலுவான பக்கம் தண்டைச் சுழற்றும்; தண்டு மறுபக்கத்துப் பம்பை ஓட்டும். ஆற்றல் கடந்து போகும், ஒரு சொட்டுத் திரவம்கூடக் கடக்காது. விமானம் தரையில் நிற்கும்போது காலடியிலிருந்து நாய் குரைப்பதுபோல விட்டுவிட்டு ஒரு சத்தம் கேட்குமே, அது இந்தக் கருவிதான். பயந்துகொள்ளாதே. ஆனால் ஒரு தொட்டியில் திரவம் தீர்ந்துபோனால் விமானிகள் இதை நிறுத்திவிட வேண்டும்.

இனி எனக்குக் கோபமூட்டும் விஷயத்துக்கு வருகிறேன். "மூன்று இருக்கிறது, மூன்றுமா ஒரே நேரத்தில் போய்விடும்?" என்று படித்தவர்களே பேசுகிறார்கள். போயிருக்கிறது. 1989 ஜூலை 19 அன்று டென்வரிலிருந்து சிகாகோவுக்குப் பறந்த யுனைடெட் 232, ஒரு டிசி-10. அதன் வால் எஞ்சினின் முன்விசிறித் தட்டு நடுவானில் உடைந்து சிதறியது. மூன்று அமைப்புகளும் தனித்தனிதான்; ஆனால் மூன்றின் குழாய்களும் வால் பகுதியில் அருகருகே சென்றன. சிதறிய துண்டுகள் மூன்றையும் முடமாக்கின. கேப்டன் அல் ஹேன்ஸின் குழுவினரும், பயணியாக வந்த விமானப் பயிற்சியாளர் டென்னிஸ் ஃபிட்சும் இறக்கை எஞ்சின்களின் வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் மட்டுமே விமானத்தைச் சூ சிட்டி வரை கொண்டுவந்தார்கள். 296 பேரில் 184 பேர் பிழைத்தார்கள். அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 1990-இல் வெளியிட்ட விசாரணை அறிக்கையைத் தேடிப் படி. எனக்கு அது எத்தனை முறை படித்தாலும் அலுக்காத நூல்.

பிறகு டிசி-10 விமானங்களில் நான்காவது அமைப்பைச் சேர்க்கவில்லை. மூன்றாவது அமைப்பின் குழாயில், வால் பகுதிக்கு முன்பாக, அடைப்பு வால்வு வைத்தார்கள். வாலில் குழாய் அறுந்தாலும் முன்பகுதியில் திரவம் தங்கும். நான்கு இருந்தாலும் இதே கதைதான்: 1985-இல் ஜப்பானில் விழுந்த 747-இல் நான்கு அமைப்புகள் இருந்தன, பின்புற அழுத்தத் தடுப்பு கிழிந்தபோது நான்கும் போயின. அத்தனை பெரிய ஏ380-இலோ ஹைட்ராலிக் அமைப்புகள் இரண்டே. அவற்றுக்குத் துணையாக மின்சாரத்தில் இயங்கும் இயக்கிகளுக்கு ஆற்றல் வேறு வழியில் வருகிறது.

ஆகவே தேர்வில் எத்தனை அமைப்புகள் என்று எழுதிவிட்டு நிறுத்திக்கொள்ளாதே. எந்தக் குழாய் எந்த வழியாகப் போகிறது என்று வரைந்து காட்டு. ஏ320-இன் படத்தை அடுத்த கடிதத்தோடு அனுப்பு, திருத்தித் தருகிறேன்.