குளோவர் செய்யும் வேலையை நம் மண்ணில் யார் செய்வது?



நம் கூட்டங்களில் அடிக்கடி ஒரு கேள்வி வரும். "ஃபுகோகா நெல்லு வயல்ல வெள்ளைக் குளோவர் விதைச்சாராமே, அந்த விதை எங்க சார் கிடைக்கும்?" 'ஒற்றை வைக்கோல் புரட்சி' படித்தவர்களுக்கெல்லாம் வரும் ஆசைதான். எனக்கும் வந்தது. அதற்குப் பதிலை நான் தெரிந்துகொண்டது அமெரிக்காவில், மான் மேய்வதற்காக ஒருவர் விதைத்திருந்த ஒரு ஏக்கர் நிலத்தில்.

என் மகன் பென்சில்வேனியா மாநிலத்தில் இருக்கிறான். ஓய்வு பெற்ற பிறகு அங்கே போய்ச் சில மாதம் தங்கியிருந்தேன். பக்கத்து வீட்டுப் பெரியவருக்குக் காட்டை ஒட்டி நிலம் உண்டு. அதில் ஒரு ஏக்கரை வெள்ளைவால் மானுக்கென்றே ஒதுக்கிப் பயிர் செய்கிறார். அங்கே வேட்டைக்குப் பருவமும் உரிமமும் உண்டு. மான் தன் நிலத்துக்கு வரவேண்டும் என்பதற்காகவே இப்படி விதைக்கிறார்கள். நமக்கு அந்த நோக்கம் ஒட்டாது. இங்கே 1972ஆம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. ஆனால் அவர் விதைக் கலவையைத் திட்டமிடும் விதம் நாம் படிக்க வேண்டிய பாடம்.

ஒருவர் பின் ஒருவராக

ஆகஸ்ட் கடைசியில் அவர் ஏக்கருக்கு விதைப்பது இது: ஓட்ஸும், 'ரை' என்ற கோதுமை போன்ற தானியமும் சேர்த்து 25 கிலோ, கருஞ்சிவப்புப் பூ பூக்கும் குளோவர் 4 கிலோ, வெள்ளைக் குளோவர் 2 கிலோ, நீள முள்ளங்கி 1 கிலோ.

நம் பலதானிய விதைப்பு மாதிரியே இருக்கிறதே என்று எனக்கு ஒரே சந்தோஷம். ஆனால் ஒவ்வொரு விதைக்கும் அவர் ஒரு வேலையும் ஒரு தேதியும் கொடுத்திருந்தார்.

ஓட்ஸ் ஒரு வாரத்தில் முளைத்துத் தரையை மூடும். களையை அடக்கி, சின்னக் குளோவருக்கு நிழல் கொடுக்கும். கடும் பனி விழுந்ததும் செத்துவிடும். முள்ளங்கி ஆழமாக இறங்கி, அதுவும் பனியில் அழுகி, மண்ணில் துளையை விட்டுவிட்டுப் போகும். ரை மட்டும் குளிரைத் தாங்கி நின்று, வசந்தத்தில் முதலில் பச்சை காட்டும். அடுத்து கருஞ்சிவப்புக் குளோவர் பூத்து முடியும். அதுவரை தரையோடு தரையாகக் கிடந்த வெள்ளைக் குளோவர் ஓடுதண்டு விட்டுப் படர்ந்து, மூன்று நான்கு வருஷம் நிலத்தைப் பிடித்துக்கொள்ளும். தழைச்சத்தை அது காற்றிலிருந்து எடுத்துக்கொள்வதால் யூரியா செலவு இல்லை.

விதைக்கும் முறையிலும் ஒரு நுட்பம் உண்டு. வெள்ளைக் குளோவர் விதை கிலோவுக்குப் பதினைந்து லட்சத்துக்கும் மேல் இருக்கும், அவ்வளவு பொடி. கால் அங்குலத்துக்குக் கீழே போனால் முளைக்காது. அதனால் ஓட்ஸ், ரையை முதலில் தூவி மண்ணைக் கிளறி மூடிவிட்டு, அதன் மேல் குளோவரைத் தூவி உருளையால் அழுத்துகிறார். எல்லாவற்றையும் ஒரே கூடையில் கலந்து வீசுவதில்லை.

என் கேழ்வரகு ஏன் மஞ்சளானது

இதையெல்லாம் பார்த்தபோதுதான், அதற்கு முந்தைய வருஷம் நான் பட்ட நஷ்டத்துக்குக் காரணம் புரிந்தது.

திருவண்ணாமலை மாவட்டத்தில் எனக்கு மூன்று ஏக்கர் செம்மண் மானாவாரி. நம்மாழ்வார் ஐயா ஊர் ஊராகச் சொன்ன பலதானிய விதைப்பைச் செய்தேன். சோளமும் கம்பும் மலிவாகக் கிடைத்ததால் விதையில் பாதிக்கு மேல் அவைதான். நாற்பத்தைந்தாம் நாள் நிலமே பூவாக இருந்தது. தேனீ மொய்த்தது. மடக்க மனசு வரவில்லை. இன்னும் கொஞ்சம் வளர்ந்தால் இன்னும் கொஞ்சம் உரம்தானே என்று எண்பது நாள் விட்டேன். அதற்குள் மழை நின்றுவிட்டது. மண்ணில் இருந்த ஈரத்தையும் அந்தப் பயிரே குடித்துவிட்டது.

பக்கத்து நிலத்துப் பெரியவர் வந்து ஒரு சோளத்தட்டையை ஒடித்துப் பார்த்தார். "சார், பூ எடுத்தப்பவே மடக்கியிருக்கணும். இப்ப இது தழை இல்ல, வெறகு" என்றார்.

அவர் சொன்னதுதான் நடந்தது. அதை மடக்கி உழுது, மழை வந்ததும் விதைத்த கேழ்வரகு ஒரு மாதத்திலேயே வெளிறி மஞ்சளானது. வழக்கமாக வரும் மூட்டையில் பாதிதான் வந்தது. ஆள்கூலி, உழவுக்கூலி கணக்குப் பார்த்தால் கையிலிருந்து போட்டதுதான் மிச்சம். "இயற்கை உரம் போட்டும் இப்படியா?" என்று வீட்டில் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை.

காரணம் இதுதான். முற்றிய தட்டையில் கரிச்சத்து மிக அதிகம், தழைச்சத்து மிகக் குறைவு. அதை மட்க வைக்கும் நுண்ணுயிர்கள் தங்களுக்கு வேண்டிய தழைச்சத்தை மண்ணிலிருந்து எடுத்துக்கொள்ளும். பயிருக்குப் பட்டினி. மட்கி முடிந்த பிறகு அது திரும்பக் கிடைக்கும். ஆனால் அதற்குள் நம் பயிரின் வயசு போய்விடும். வங்கியில் இருந்தவன் பாஷையில் சொன்னால், இளசாக மடக்கினால் அது சேமிப்பு, முற்றவிட்டு மடக்கினால் கடன்.

விதையைக் கொண்டுவரலாமா?

கிளம்பும்போது அந்தப் பெரியவர் ஒரு பொட்டலம் குளோவர் விதை கொடுத்தார். நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டேன். வெளிநாட்டு விதையைப் பையில் போட்டுக் கொண்டுவரக் கூடாது. 2003ஆம் வருஷத்துத் தாவரத் தடைக்காப்பு ஆணைப்படி இறக்குமதி அனுமதியும் தாவர நலச் சான்றும் வேண்டும். விதையோடு களையும் நோயும் வரும் என்பதால் அந்தச் சட்டம் நமக்காகவே இருப்பது.

கொண்டுவந்தாலும் பயன் இல்லை. வெள்ளைக் குளோவர் குளிரும் ஈரமும் கேட்கும் செடி. ஊட்டி, கொடைக்கானல் பக்கம் புல்தரையில் தானாகவே கிடக்கும். பஞ்சாப், ஹரியானாவில் பெர்சீம் என்ற எகிப்துக் குளோவரை மாட்டுத்தீவனமாக விதைக்கிறார்கள், அதுவும் குளிர்காலத்தில்தான். நம் சமவெளிச் செம்மண்ணில், சித்திரை வெயிலில், மேலாக வேர் விடும் வெள்ளைக் குளோவர் கருகிப்போகும்.

ஆக, நாம் தேட வேண்டியது குளோவர் செய்யும் வேலையைச் செய்யும் நம்மூர்ச் செடியை.

நான் இப்போது விதைப்பது

கோடை மழைக்கு, மானாவாரி ஏக்கருக்கு:

சீக்கிரம் தரையை மூட: தட்டைப்பயறு 5 கிலோ, நரிப்பயறு 3 கிலோ.
தழைச்சத்துக்கு: சணப்பு 5 கிலோ, கொள்ளு 4 கிலோ.
நார்ச்சத்துக்கும் வேர்க்கட்டுக்கும்: கம்பு 2 கிலோ, சோளம் 2 கிலோ. இதற்கு மேல் போடுவதில்லை.
ஆழ வேருக்கு: ஆமணக்கு 1 கிலோ.
தேனீக்கும் நன்மை செய்யும் பூச்சிக்கும்: எள் அரை கிலோ, கொத்தமல்லி அரை கிலோ.

தண்ணீர் தேங்கும் நிலம், களர் நிலம் என்றால் சணப்புக்குப் பதில் தக்கைப்பூண்டு. ஆடு மாடு தொல்லை உள்ள இடத்தில் கொழிஞ்சி; கால்நடைகள் அதை அநேகமாகக் கடிக்காது. அங்கே மான் விரும்பித் தின்பதைத் தேடி விதைக்கிறார்கள். இங்கே ஆடு தின்னாததைத் தேடி விதைக்கிறோம்! கொழிஞ்சி விதையின் தோல் கெட்டி. மணலோடு சேர்த்துத் தேய்த்துவிட்டு விதைத்தால்தான் ஒழுங்காக முளைக்கும்.

நான்கு விதிகள்

1. மடக்கும் தேதியை விதைக்கும் அன்றே காலண்டரில் எழுதுங்கள். நான் 45 முதல் 50 நாளுக்குள் மடக்குகிறேன். பாதிச் செடி பூத்தால் போதும். மழை ஏமாற்றினால் இன்னும் முன்னாலேயே மடக்கிவிடுங்கள். அடுத்த பயிருக்கு மண்ணில் ஈரம் மிஞ்ச வேண்டும். மடக்கியபின் அடுத்த விதைப்புக்கு இரண்டு மூன்று வாரம் இடைவெளி விடுங்கள்.

2. பெரிய விதையை முதலில் விதைத்து லேசாக உழுது மூடுங்கள். மூடாமல் விட்டால் மயிலுக்கு விருந்துதான். எள், கொத்தமல்லியை மணலில் கலந்து கடைசியில் தூவி, முள்ளுக்கட்டையை இழுத்தால் போதும்.

3. முப்பதாம் நாள் சணப்பு, தட்டைப்பயறு இரண்டு செடியை வேரோடு தோண்டி எடுங்கள். பிடுங்கினால் முடிச்சு மண்ணிலேயே நின்றுவிடும். வேர் முடிச்சை நகத்தால் கிள்ளிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது. வெளுத்தோ பச்சையாகவோ இருந்தால், முடிச்சே இல்லாவிட்டால், அடுத்த முறை அந்தந்தப் பயிருக்கு உரிய ரைசோபியத்தில் விதை நேர்த்தி செய்யுங்கள். ஒரு பயிரின் ரைசோபியம் எல்லாப் பயிருக்கும் ஒத்துவராது.

4. நிலத்தில் ஓர் இடத்தில் கோழிக்கூண்டு வலையை வளைத்து நட்டு வையுங்கள். மான் எவ்வளவு மேய்கிறது என்று பார்க்க அந்த அமெரிக்கப் பெரியவர் செய்யும் வேலை இது. வலைக்கு உள்ளே செடி முழங்கால் உயரம், வெளியே சாண் உயரம் என்றால், குறை மண்ணில் இல்லை, மேய்ச்சலில் இருக்கிறது. இது தெரியாமல் மண்ணைத் திட்டிக்கொண்டிருந்தவன் நான்.

காட்டு ஓரத்தில் இருப்பவர்களுக்கு

காட்டை ஒட்டி நிலம் வைத்திருப்பவர்கள் மூடுபயிர்க் கலவையில் நிலக்கடலை சேர்க்க வேண்டாம். காட்டுப்பன்றிக்கு அது அழைப்பிதழ். சோளத்தையும் கம்பையும் கதிர் முற்றவிடாமல் மடக்கினால் மயில், கிளிக் கூட்டமும் பழகாது. பூச்சிகளுக்கும் தேனீக்கும் ஏதாவது விடவேண்டும் என்று நினைத்தால், வரப்போரம் நான்கடி அகலத்துக்கு எள்ளும் கொத்தமல்லியும் சணப்பும் மட்டும் மடக்காமல் விடுங்கள். நான் அப்படித்தான் விடுகிறேன். மடக்க மனசு வராத பிரச்சினைக்கும் அது ஒரு வழி. அந்த ஓரத்தில் முற்றுவதுதான் அடுத்த வருஷத்துக்கு எனக்கு விதை.

போன வருஷம் நாற்பத்தெட்டாம் நாள் மடக்கினேன். கேழ்வரகு பச்சை மாறாமல் நின்று, பழைய விளைச்சலுக்குத் திரும்பியது. அந்தப் பக்கத்து நிலத்துப் பெரியவரும் இந்தச் சித்திரையில் அரை ஏக்கர் விதைக்கிறார். என்னிடம் விதை கேட்டிருக்கிறார். நான் அவரிடம் மடக்கும் தேதியைக் கேட்டு எழுதி வாங்கிக்கொண்டேன்.