வாசலில் உறுமும் லாரி

கேள்வி: என் கணவர் சொந்தமாக லாரி ஓட்டுகிறார். விடிகாலையில் வீட்டு வாசலிலேயே வெகுநேரம் வண்டியை உறும விட்டுத்தான் கிளம்புவார். ஆறு வயது மகனுக்கு அடிக்கடி இருமல். இரவில் மூச்சு விசிலடிக்கிறது. டீசல் புகையால் புற்றுநோய் வருமாமே?
– ச.மா., ஆவூர், புதுக்கோட்டை மாவட்டம்

பதில்: பயப்படாதீர்கள், அம்மா. இருமலும் விசிலும் புற்றுநோயின் அடையாளம் அல்ல. மூச்சுக்குழாய் சுருங்கும் இளைப்பாக (ஆஸ்துமா) இருக்கலாம். நேரில் பார்த்துத்தான் உறுதிசெய்ய முடியும். இளைப்பு என்றால் கட்டுக்குள் வைத்துக்கொள்ளலாம்.

நீங்கள் கேள்விப்பட்டதும் பொய்யல்ல. டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012இல் அறிவித்தது. சுரங்கங்களில் பல ஆண்டுகள் டீசல் எந்திரங்களோடு உழைத்தவர்களைப் பார்த்துக் கண்டறிந்தது அது. அந்தக் கணக்கில், மகனைவிடக் கணவரைப் பற்றித்தான் நீங்கள் அதிகம் கவலைப்பட வேண்டும்.

மகனுக்குத் தொல்லை தருவது வேறு. புகையில் வரும் நைட்ரஜன் டை ஆக்சைடு (காரமான வாயு) மூச்சுக்குழாய்க்கு எரிச்சலூட்டும். கரித்துகள்கள் தலைமுடியின் தடிமனில் முப்பதில் ஒரு பங்குகூட இல்லாதவை. நுரையீரலின் அடிவரை போய்விடும். மார்கழி, தை விடியற்காலையில் புகை மேலே எழும்பாமல் தரையோடு தங்கும். முகத்தில் துண்டு கட்டினால் இவை நிற்காது.

கணவரைக் குறை சொல்லாதீர்கள். பிரேக்குக்குக் காற்று ஏறாமல் லாரியை எடுக்க முடியாது. ஆனால் அதற்குச் சில நிமிடங்கள் போதும். வெகுநேரம் ஆகிறதென்றால் எங்கோ காற்று கசியலாம். மெக்கானிக்கிடம் காட்டச் சொல்லுங்கள். வண்டியை வீட்டிலிருந்து தள்ளி, புகைக்குழாய் வெட்டவெளியைப் பார்க்கும்படி நிறுத்தட்டும். 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 என்ற வாகனப் புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபின் டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 ஆகக் குறைந்தது. அந்த டீசல் பழைய லாரிக்கும் கிடைக்கிறது, கரிப்புகை வடிகட்டிதான் பழைய லாரியில் இருக்காது.

லாரியை மட்டும் திருத்தினால் போதாது. வீட்டில் விறகடுப்பு, கொசுவத்திச் சுருள் உண்டா? பையன் படுக்கும் அறையில் சுருள் வேண்டாம், வலை கட்டுங்கள்.

புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காட்டுங்கள். இன்ஹேலர் (உறிஞ்சு மருந்து) கொடுத்தால் தயங்காதீர்கள். பழகிவிடும் என்று அக்கம்பக்கத்தில் சொல்வது தவறு. மூச்சு வாங்கும்போது விலா உள்ளிழுத்தாலோ, பேச முடியாமல் திணறினாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள்.