இருவர் சூடிய வாகை

மக்கள் வாழ்வில் போட்டி என்பது நீங்காத ஒன்று. இரு சிறுவர் ஒரு தெருவில் நடந்தாலும், எவன் முன்னே செல்வான் என்னும் எண்ணம் அவர்தம் கால்களில் தானே புகுந்துவிடுகின்றது. அவ்வெண்ணம் நெறியில் நின்றால் ஆற்றலை வளர்க்கும். நெறி தவறினால் பகையை வளர்க்கும். இவ்வேறுபாட்டைப் பண்டைத் தமிழர் நன்கு உணர்ந்திருந்தனர். தத்தம் வலிமையை நிலைநாட்டுதலே பொருளாக இரு திறத்தார் எதிர்நின்று பொருதலைத் தொல்காப்பியர் தும்பைத் திணை என்றார். வென்றோர் சூடும் பூ வாகை. ஆயினும், வாகைத் திணைக்கு இலக்கணம் கூறுங்கால், அவரவர் தத்தமக்குரிய இயல்பினைக் குற்றமற்ற வகையில் மிகுவித்துக் காட்டுதலையே அவர் வாகை என்றார். பகைவரை வீழ்த்துதல் ஒன்றே வாகை என்று அவர் கூறினாரல்லர். அங்ஙனமாயின், எதிர்நின்று பொருத இருவரும் ஒருங்கே வாகை சூடுதல் கூடுமோ? கூடும் என்பதற்கு ஆசிய நாடுகளின் இளைஞர் கால்பந்துப் போட்டியின் வரலாறு சான்று பகர்கின்றது.

ஆசியாவிலுள்ள கால்பந்துக் கழகங்களை ஒன்றுசேர்க்கும் ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பு, 1954ஆம் ஆண்டில் பிலிப்பைன்ஸ் நாட்டு மணிலா நகரில் தோற்றுவிக்கப்பட்டது. அதனைத் தோற்றுவித்த பன்னிரண்டு உறுப்பினருள் இந்தியாவும் ஒன்று. மலேயாவின் முதற் பிரதமராய் விளங்கிய துங்கு அப்துல் ரகுமான் 1958ஆம் ஆண்டில் அதன் தலைமையை ஏற்றார். கால்பந்து ஆட்டத்தில் அவருக்கிருந்த காதல் பெரிது. மலேயா விடுதலை பெற்ற 1957ஆம் ஆண்டிலேயே, அவ்விடுதலையின் பெயரால் மெர்டேக்கா போட்டியைத் தொடங்கியவரும் அவரே. அவர் தலைமை ஏற்ற மறு ஆண்டு, 1959இல், ஆசிய இளைஞர் கால்பந்துப் போட்டி கோலாலம்பூரில் முதன்முதலாக நிகழ்ந்தது. இருபது வயது நிரம்பாத இளைஞரே இதில் ஆடுதற்கு உரியர் என்பது விதி. இவ்வயது வரம்பு பிற்காலத்தில் சிறிது மாறியதும் உண்டு.

அக்காலத்து ஆசியாவின் நிலையை எண்ணிப் பார்த்தல் வேண்டும். அயலார் ஆட்சியினின்று நீங்கிய நாடுகள் பல, தம் கொடியைத் தாமே ஏற்றிச் சில ஆண்டுகளே கழிந்திருந்தன. பர்மா 1948இல் விடுதலை பெற்றது. மலேயா விடுதலை பெற்று இரண்டாண்டே ஆகியிருந்தது. கொரிய நாடோ, வடக்கும் தெற்குமாகப் பிளவுண்டு, 1950 முதல் 1953 வரை கடும் போரில் உழன்றது. 1959இல் கோலாலம்பூரில் வெற்றி பெற்றோர் தென்கொரிய இளைஞர். இருபது வயதுக்கு உட்பட்ட அவர்கள், போர் மூண்ட நாளில் பத்து வயதை ஒட்டிய சிறுவராய் இருந்திருத்தல் வேண்டும். குண்டு மழையிடையே வளர்ந்த பிள்ளைகள் அயல்நாட்டு மைதானத்தில் பந்தாடி வென்றனர். மறு ஆண்டும் கோப்பை அவர்கட்கே உரியதாயிற்று.

இனி, இப்போட்டியின் மூன்றாம் ஆண்டு நிகழ்ச்சி நம் கருத்துக்கு உரியது. கால்பந்தில் ஒரு குழுவிற்குப் பதினொருவர். ஆட்ட நேரம் தொண்ணூறு நிமிடம். மிகுதியான கோல் போட்ட குழு வென்றதாகும். இரு குழுவும் ஒத்த எண்ணிக்கை பெற்றாலோ, வெற்றி தோல்வி இல்லை. தொடக்கச் சுற்றுகளில் இதனால் இடர் இல்லை. ஆனால் இறுதி ஆட்டம் அவ்வாறு முடிந்தால் கோப்பையை யாருக்கு அளிப்பது? அந்நாளில் இதற்கு மூன்று வழிகள் இருந்தன. மற்றொரு நாளில் மீண்டும் ஆடுதல் ஒரு வழி. நாணயத்தைச் சுண்டிவிட்டோ சீட்டெடுத்தோ தீர்த்தல் இரண்டாம் வழி. 1968ஆம் ஆண்டு ஐரோப்பிய நாடுகளின் போட்டியில், இத்தாலிக்கும் சோவியத் ஒன்றியத்துக்கும் நேப்பிள்ஸ் நகரில் நடந்த அரையிறுதி ஆட்டம் கோல் இன்றி முடிந்தபோது, ஒரு நாணயமே இத்தாலியை இறுதிக்கு அனுப்பிற்று. இரு குழுவினரையும் வென்றோராக அறிவித்தல் மூன்றாம் வழி.

1961ஆம் ஆண்டில் தாய்லாந்தின் பாங்காக் நகரில் பர்மாவும் இந்தோனேசியாவும் இறுதி ஆட்டத்தில் எதிர்நின்றன. இருதிறத்தாரும் ஒரு கோலும் போட்டிலர். போட்டியை நடத்தியோர் மூன்றாம் வழியையே மேற்கொண்டனர். இரு நாடுகளும் வென்றன என்று அறிவிக்கப்பட்டது. அது தொடங்கி 1978ஆம் ஆண்டு வரையில் ஒன்பது முறை இக்கோப்பை இருவர்க்குப் பொதுவாயிற்று. பர்மா மட்டும் தான் பெற்ற ஏழு வெற்றிகளுள் ஐந்தினைப் பிற நாடுகளோடு பகிர்ந்து கொண்டது: இந்தோனேசியாவோடு ஒருமுறை, தென்கொரியாவோடு ஒருமுறை, இஸ்ரேலோடு இருமுறை, தாய்லாந்தோடு ஒருமுறை. பகிர்ந்தமையால் அதன் புகழ் குறைந்ததோ? 1961 முதல் 1970 வரையிலான பத்தாண்டில் ஆசிய இளைஞருள் பர்மியரை விஞ்சியவர் இலர் என்றே வரலாறு பேசுகின்றது.

நம் நாடு இப்போட்டியில் வாகை சூடியது ஒரே ஒருமுறை. அதுவும் பகிர்ந்து சூடிய வாகையே. 1974ஆம் ஆண்டில் பாங்காக் நகருக்குச் சென்ற இந்திய இளைஞர் குழுவிற்கு ஐதராபாத்தைச் சேர்ந்த ஷபீர் அலி தலைவர். பயிற்சியாளர் அருண் கோஷ், 1962ஆம் ஆண்டு ஜகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டில் தங்கப் பதக்கம் வென்ற இந்தியக் குழுவில் ஆடியவர். இறுதி ஆட்டத்தில் இந்தியாவை எதிர்த்தது ஈரான். அந்நாடு 1968இலும் 1972இலும் ஆசியக் கோப்பையை வென்று பெருமையுற்றிருந்தது. முந்தைய ஆண்டில் இளைஞர் கோப்பையையும் தன் தலைநகராகிய டெஹ்ரானில் கைப்பற்றியிருந்தது. அத்தகைய குழுவை எதிர்த்து நம் இளைஞர் இரண்டு கோல் போட்டனர். ஈரானியரும் இரண்டு போட்டனர். ஆட்டம் இரண்டுக்கு இரண்டு என்று முடிவுற, இரு நாடுகளும் வென்றனவாக அறிவிக்கப்பட்டன. அன்று ஈரானியரை வீழ்த்தவில்லை என்பதால் நம்மவர் பெற்ற சிறப்பு சிறிதும் குன்றவில்லை. வலியோர் என்று பெயர் பெற்றவரோடு ஒத்த நிலையில் நிற்றலே ஒரு பெரும் வெற்றியன்றோ? ஷபீர் அலி பின்னாளில் இந்திய நாட்டுக் குழுவிலும் ஆடிப் புகழ் பெற்றார். 2011ஆம் ஆண்டில் தியான் சந்த் விருதினையும் பெற்றார்.

அடுத்த ஆண்டு, 1975இல், குவைத்தில் நடந்த இறுதி ஆட்டத்தில் ஈரானும் ஈராக்கும் பொருதன. அதுவும் சமனாய் முடிய, அண்டை நாட்டார் இருவரும் கோப்பைக்கு உரியராயினர். ஐந்தாண்டு சென்றது. 1980ஆம் ஆண்டு செப்டம்பரில் அவ்விரு நாடுகளுக்கும் இடையே போர் மூண்டு, 1988 வரையில் எட்டாண்டு நீண்டது. அன்று மைதானத்தில் ஒன்றாய் நின்றாரை ஒத்த வயதினர் பல்லாயிரவர் இருபுறத்தும் களத்தில் மடிந்தனர். விளையாட்டு போரை ஒழித்துவிடும் என்று கூறுதல் மிகை. ஒரு கோப்பைக்கு அத்துணை ஆற்றல் இல்லை. ஆயினும், அவ்விரு நாட்டு இளைஞரும் எதிர்நிற்பதற்குப் போர்க்களமே அன்றி வேறோர் இடமும் உண்டு என்பதனை 1975ஆம் ஆண்டு காட்டிவிட்டது. அவ்விடத்தில் பொருதவர் இருவரும் உயிரோடு வீடு திரும்பினர். இருவரும் மாலையோடு திரும்பினர்.

காலம் மாறிற்று. 1970ஆம் ஆண்டில் கால்பந்து விதிகளில் புதியதொரு முறை சேர்க்கப்பட்டது. சமனாய் முடிந்த ஆட்டத்தில், கோலுக்குப் பன்னிரண்டு கஜ தொலைவில் பந்தை வைத்து, கோல்காப்பாளர் ஒருவரே எதிர்நிற்க, இரு குழுவினரும் மாறிமாறி ஐந்து முறை உதைப்பர். மிகுதியாகக் கோல் போட்டவர் வென்றவராவர். இது பெனால்டி உதை எனப்படும். நாணயத்தைச் சுண்டுதலினும் இது மேலானது. ஆட்டக்காரர்தம் திறமைக்கும் மன உறுதிக்கும் இதில் இடம் உண்டு. நாளடைவில் ஆசிய இளைஞர் போட்டியிலும் இம்முறை புகுந்தது. 1978ஆம் ஆண்டில் ஈராக்கும் தென்கொரியாவும் டாக்கா நகரில் பகிர்ந்து கொண்டதே கடைசிப் பகிர்வாயிற்று.

1990ஆம் ஆண்டின் இறுதி ஆட்டம் ஜகார்த்தாவில் நிகழ்ந்தது. எதிர்நின்றோர் தென்கொரியரும் வடகொரியரும் ஆவர். ஒரே மொழி பேசுவோர். ஒரே குலத்தில் தோன்றியோர். நாட்டைப் பிளந்த எல்லைக் கோட்டால் பிரிந்து, ஒருவர் இல்லத்துக்கு மற்றவர் செல்லலாகா நிலையில் வாழ்வோர். ஆட்டத்தில் எவரும் கோல் போடவில்லை. பெனால்டி உதையில் நான்குக்கு மூன்று என்ற கணக்கில் தென்கொரியா வென்றது. பழைய முறை நிலவியிருப்பின் அவ்விரு கொரியரும் கோப்பையைப் பகிர்ந்திருப்பர். விதி பகிரவிடவில்லை. ஆனால் விதி தராததை மக்களின் மனம் தந்தது.

மறு ஆண்டு போர்ச்சுகல் நாட்டில் உலக இளைஞர் கால்பந்துப் போட்டி நடைபெற இருந்தது. வடக்கும் தெற்கும் தனித்தனியே செல்லாமல், இரண்டும் கூடி ஒரே குழுவாகச் செல்வதென 1991ஆம் ஆண்டின் தொடக்கத்தில் உடன்பட்டன. ஜகார்த்தாவில் எதிர்எதிரே நின்ற நாடுகளின் இளைஞர், ஒரே சட்டை அணிந்து தோளோடு தோள் நின்றனர். அவர்கள் ஏந்திய கொடியில் வடக்கின் சின்னமும் இல்லை, தெற்கின் சின்னமும் இல்லை. வெண்ணிற நிலத்தில் நீல நிறத்தால் கொரிய நிலப்பரப்பு முழுமையும் வரையப்பட்டிருந்தது. இரு நாட்டுப் பண்ணுக்கும் மாறாக, இரு திறத்தாரும் தாலாட்டுக் காலமுதல் அறிந்த ‘அரிராங்’ என்னும் நாட்டுப்பாடல் ஒலித்தது. அக்குழு தன் முதல் ஆட்டத்திலேயே அர்ஜென்டீனாவை ஒன்றுக்குச் சுழி என்ற கணக்கில் வென்றது. கால் இறுதி வரை முன்னேறி, பிரேசிலிடம் தோற்றது. தோல்வியை யாரும் பெரிதாக நினைவில் வைத்திலர். கொரிய நாடு பிளவுபட்ட பின்னர் அதன் இளைஞர் ஒரே குழுவாய் உலகக் கால்பந்துப் போட்டியில் ஆடியதையே நினைவில் வைத்துள்ளனர்.

இப்போட்டி பல பெயர் மாற்றங்களைக் கண்டு, 2023ஆம் ஆண்டு முதல் இருபது வயதுக்கு உட்பட்டோர் ஆசியக் கோப்பை எனப் பெயர் பெற்றது. அவ்வாண்டு தாஷ்கண்டில் உஸ்பெக்கிஸ்தான் வென்றது. 2025ஆம் ஆண்டு சீனாவின் ஷென்சென் நகரில், ஆஸ்திரேலியாவும் சவூதி அரேபியாவும் ஆடிய இறுதி ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று எனச் சமனாயிற்று. பெனால்டி உதையால் ஆஸ்திரேலியா கோப்பையைக் கொண்டது. இன்று கோப்பை ஒருவர்க்கே உரியது. உலகப் போட்டிகளின் அமைப்புக்கு அது வேண்டுவதே ஆகலாம்.

ஆயினும், மாணவர்களே, கோப்பையைப் பகிர விதி இடம் தராவிடினும் மதிப்பைப் பகிர எந்த விதியும் தடை செய்வதில்லை. நும் பள்ளி மைதானத்தில் ஆட்டம் முடிந்ததும், எதிர்க்குழுவின் தலைவனிடம் சென்று அவன் கையைப் பற்றுங்கள். அவன் முழு வலிமையோடு எதிர்த்தமையால் அன்றோ நும் வலிமை எத்துணையது என்பதை நீவிர் அறிந்தீர்? எதிர்நிற்பான் இல்லாத களத்தில் தும்பை இல்லை; தும்பை இல்லையேல் வாகையும் இல்லை. நாம் சூடும் மாலையின் ஒரு பாதி, நம்மை எதிர்த்து ஆடியவன் தொடுத்தது.

பயிற்சி

1. தும்பை, வாகை ஆகிய திணைகள் பற்றி இப்பாடத்தில் கூறப்படும் கருத்துகள் யாவை?
2. இறுதி ஆட்டம் சமனாய் முடிந்தபோது பின்பற்றப்பட்ட மூன்று வழிகளை விளக்குக. அவற்றுள் சிறந்தது எது எனக் கருதுகின்றாய்? காரணம் தருக.
3. 1974ஆம் ஆண்டு இந்திய இளைஞர் பெற்ற வெற்றியைச் சுருக்கி வரைக.
4. ‘விளையாட்டு போரை ஒழித்துவிடும் என்று கூறுதல் மிகை.’ இக்கூற்றுக்குரிய நிகழ்ச்சியை எடுத்துக்காட்டி விளக்குக.
5. ‘விதி தராததை மக்களின் மனம் தந்தது.’ இடஞ்சுட்டிப் பொருள் விளக்குக.
6. பிரித்து எழுதுக: இவ்வேறுபாடு, அவ்விரு, எதிர்நின்று.